காஞ்சனாவின் அப்பா படம் பார்க்கப் போனது

தார்நாகா,
4.11.2024

ஓவிய ஆசிரியை ஸ்டெல்லா அவர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு காஞ்சனாவின் அப்பா எழுதுகிறேன். நீங்களும் தமிழ் என்று மகள் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது எதற்கென்று புரியவில்லை. அங்குள்ள ஓவியங்கள் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கின்றன. வேண்டிய அளவு பெரிதாக்கியும் பார்க்கலாம். ஒரு நாள் பாடம் வீண். மன்னிக்கவும், அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

இப்படிக்கு,
குணசேகரன்

சைனிக்புரி,
6.11.2024

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் பெற்றோரில் ஒருவராவது கூட வந்தால்தான் பஸ் தருவேன் என்கிறார் பிரின்சிபால். மற்றவர்கள் வேலை என்று நழுவிவிட்டார்கள். உட்கார்ந்து கடிதம் எழுதும் அளவுக்கு அக்கறை காட்டியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் வராவிட்டால் யாருமே போக முடியாது. காஞ்சனா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். உங்களிடம் பேசுகிறாளா?

அன்புடன்,
ஸ்டெல்லா

சைனிக்புரி,
18.11.2024

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை வந்ததற்கு நன்றி. பஸ்ஸைக் காக்கவைத்ததற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். கம்ப்யூட்டரில் அவ்வளவு பெரிதாகப் பார்த்த யானை ஓவியம் நேரில் உள்ளங்கை அளவுதான் என்றால் யாருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். யானையின் காதோர முடியைத் தேடி நீங்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றீர்கள். "நக்கோ சாப், பீச்சே ஹட்டோ" என்று, பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிக் காவலாளி கெஞ்சியும் நகரவில்லை.

இப்போது ஒரு சிக்கல். அங்கே பிடித்ததை வரையுங்கள் என்றேன். பாதி வகுப்பு உங்களை வரைந்திருக்கிறது. ஆண்டுவிழாவில் மாட்டலாமா? படங்களைக் காஞ்சனாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வருத்தமென்றால் சொல்லுங்கள், விட்டுவிடலாம்.

அன்புடன்,
ஸ்டெல்லா

தார்நாகா,
20.11.2024

அன்புள்ள ஸ்டெல்லா டீச்சர்,

படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தோம். மூக்கு விஷயத்தில் பிள்ளைகள் கொஞ்சம் தாராளம். ஒரு பையன் யானையை மட்டும்தான் வரைந்திருக்கிறான் என்று நினைத்தேன், அது நான்தானாம். என் மனைவி சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. எல்லாவற்றையும் மாட்டுங்கள்.

காஞ்சனாவின் படத்தில் மட்டும் நான் அவள் உயரத்துக்கு, அரைக்கால் சட்டையில் நிற்கிறேன். ஏன் என்று கேட்டேன். வழக்கம்போல் இந்த ஊர்த் தெலுங்கில் பதில் வந்தது. அங்கே நான் அப்படித்தான் இருந்தேனாம்.

அந்தப் படத்தை விழா முடிந்ததும் எனக்குத் தந்துவிடுங்கள்.

ஞாயிறன்று அவளே என்னை மறுபடி கூட்டிப்போகிறாள். யார் வரைந்தது, எந்த வருஷம் என்று எதுவும் கேட்காமல் பேசாமல் பார்க்க வேண்டுமாம். சரி என்றிருக்கிறேன்.

அன்புடன்,
குணசேகரன்