திரையை எடுக்கச் சொன்னவள்

என்னங்க,

இன்றைக்குக் கோர்ட்டில் நம் மகள் சாட்சி சொன்னாள். எட்டு வருடம் அவளை அடைத்து வைத்திருந்தவன் எதிரே நின்றான். அவன் முகம் தெரியாமல் இருக்க ஒரு துணித் திரை கட்டியிருந்தார்கள். "அதை எடுத்துடுங்க ஐயா, சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு" என்று நீதிபதியிடமே சொல்லிவிட்டாள். திரையை எடுத்துவிட்டார்கள்.

அவனுடைய வக்கீல் கேட்டார்: "எட்டு வருஷத்துல ஒரு நாள்கூடக் கத்தணும்னு தோணலையாம்மா?"

"தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினேன் சார். அடிதான் விழுந்துச்சு. உயிரோட வெளிய வரணும்னு வாயை மூடிக்கிட்டேன். இப்ப கேக்குறீங்க, சொல்றேன்."

பூட்டு, ஜன்னலில் அடித்த பலகை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

என் வயிற்றில் பிறந்ததுதானா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் போட்டோவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தீர்கள். நீங்கள் கண்ணை மூடிய நாலாம் மாதம் கிடைத்தாள். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? சரி, விடுங்கள்.

வெளியே வந்ததும், "முதல்ல அப்பா பேரு கேட்டாங்கல்ல, அதை மட்டும் சத்தமா சொன்னேம்மா. கேட்டுச்சா?" என்றாள்.

கேட்டதுங்க. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்