இரண்டு உலை வைத்த வீடு

சேசு மரி சூசை

பினாங்கு,
1934 செப்டம்பர் 9

அன்பும் மரியாதையும் நிறைந்த கேத்தரின் அக்காவுக்கு, தங்கை அன்னமேரி எழுதிக்கொள்வது. இங்கே அவரும் மாமியும் நானும் சர்வேசுரன் புண்ணியத்தில் இருக்கிறோம். நாகப்பட்டினத்தில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய கருவாடு நனையாமல் வந்து சேர்ந்தது.

அக்கா, நான் மறுபடியும் முழுகாமல் இருக்கிறேன். நாலாம் மாதம். ரோசலி போனபிறகு இப்படி ஒரு செய்தியை எழுதக் கை கூசுகிறது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

இரண்டு மாதமாகக் கால் மரத்துப் போகிறது. முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. கோயிலில் மண்டியிட்டால் எழுந்திருக்க முடியவில்லை. அதனால் தாய் பிள்ளைகளைப் பார்க்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வெள்ளைக்காரப் பெண். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ரொஸ்னா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவளுடைய தாத்தா நாகூர்க்காரராம், பாட்டி மலாய்க்காரியாம். நாகூர் என்றதும் எனக்கு உங்களைப் பார்த்ததுபோல் இருந்தது.

அவள் என்னைக் குந்தி உட்காரச் சொன்னாள். "இப்ப கை ஊனாம எழுந்திருங்கக்கா" என்றாள். என்னால் முடியவில்லை, அப்படியே சாய்ந்துவிட்டேன். டாக்டரம்மாள் என் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். ரொஸ்னா கொஞ்சம் தயங்கித்தான் அதைச் சொன்னாள்: "மொதப் பிள்ளை தவறிடுச்சாமே. கடைசியில அது அழுறப்ப சத்தம் வராம இருந்துச்சா?"

அக்கா, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கும் எழுதவில்லை. ரோசலி போவதற்கு முன் வாயைத் திறந்து அழுவாள். முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் வராது. மாந்தம் என்றார்கள், கணை என்றார்கள். மாமி ஓமம் அரைத்துப் புகட்டினார், சாமியாரைக் கூட்டி வந்து ஜெபம் சொல்ல வைத்தார். எல்லாம் செய்தோம். நான் சொல்லாத ஒன்றை அந்த வெள்ளைக்காரி கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அது சோற்றால் வரும் வியாதியாம். பெரிபெரி என்கிறார்கள். மில்லில் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கும்போது அரிசியில் உள்ள சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடுகிறதாம். அதையே தின்னும் தாயின் பாலிலும் சத்து இருக்காதாம். "பால் நிறைய இருக்கும்லா, ஆனா அதுல உசுரு இருக்காது" என்றாள் ரொஸ்னா. புழுங்கல் அரிசி தின்ன வேண்டும், பச்சைப் பயறு தினமும் வேண்டும், முட்டை, கீரை, கைப்பிடித் தவிடு போட்டுக் கஞ்சி. சோற்றை வடித்த கஞ்சியைக் கொட்டக் கூடாது. கால் கொஞ்சம் தேறியதும் சாயங்காலம் கடற்கரை வரைக்கும் நடக்க வேண்டும். கஞ்சியில் கலந்து குடிக்கக் கறுப்பாக ஒரு உப்புப் பசையும் போத்தலில் கொடுத்தார்கள்.

நாங்கள் அக்கரையில், பிறை என்ற ஊரில் இருந்தபோது புழுங்கல் அரிசிதான் தின்றோம். இவருக்குக் கப்பல் கம்பெனியில் பெரிய கிராணியாகக் கணக்கு எழுதும் வேலை கிடைத்து இந்தக் கரைக்கு வந்தபிறகுதான், மாமி வெள்ளை அரிசி வாங்க ஆரம்பித்தார். பாசாரில் முகம்மது சுல்தான் கடையில் இருப்பதிலேயே வெள்ளை எதுவோ அதைத்தான் கேட்பார்.

ஆஸ்பத்திரியில் சொன்னதை மாமியிடம் சொன்னேன். மாமி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிதானமாகச் சொன்னார்: "கித்தாத் தோட்டத்துல அந்தப் புழுங்கக் கூலிச் சோத்தத் தின்னுதான் நான் என் புருசனப் பறிகொடுத்தேன். என் மவன் வீட்டுல அது வேவக் கூடாதுன்னு அன்னைக்கே நெனச்சவ நான். சோறு வெள்ளையா இருந்ததுக்கா உன் பிள்ள செத்துச்சு?"

ரப்பர் தோட்டத்தில் மாமனார் இறந்தது மலைக்காய்ச்சலில். ஆனால் மாமிக்கு அந்தச் சோற்றின் வாடைதான் நினைவில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு உலை வைங்க, யாருக்கு எது வேணுமோ சாப்பிடட்டும்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் இரண்டு உலை. அவரும் மாமியும் வெள்ளைச் சோறு, நான் புழுங்கல் சோறு.

எனக்காக ஆரோக்கியமாதாவிடம் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.

உங்கள் பிரியமுள்ள தங்கை,
அன்னமேரி


சேசு மரி சூசை

பினாங்கு,
1935 மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு அன்னமேரி எழுதும் கடிதம். ஆண் பிள்ளை பிறந்திருப்பதைத் தந்தியில் அறிந்திருப்பீர்கள். மத்தேயு என்று மாமனார் பெயரையே வைத்து ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. உங்கள் மூக்கு. பிரசவம் கஷ்டமில்லை. என் கால் தேறிவிட்டது. பிள்ளைக்கு நல்ல தொண்டை. அவன் அழுதால் மாடியில் குடியிருக்கும் பழனியப்பன் செட்டியார் இருமிக் காட்டுகிறார். எனக்கோ அந்தச் சத்தம் கேட்டால்தான் மூச்சு வருகிறது.

ஆனால் அக்கா, வீடு சரியாக இல்லை.

பிள்ளை பிறந்த மறுநாள் மாமி எனக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தார். வெள்ளைச் சோறு, மிளகு ரசம், சுட்ட கருவாடு. ரோசலிக்கும் இதையேதான் தின்றேன். நாற்பது நாளும் இதையேதான். பயறு கேட்டேன். "பயறு வாயு. பச்ச உடம்புக்காரி பயறு தின்னா பிள்ளைக்கு மாந்தம் வரும். பெத்தவ எனக்குத் தெரியாதா?" என்றார். மாமி எட்டுப் பெற்று ஒன்றை வளர்த்தவர். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று என்னைப்போலவே பயப்படுகிறார். எனக்கு எந்தச் சோறு எமனாகத் தெரிகிறதோ அதுதான் அவருக்கு மருந்து.

தட்டைத் தள்ளி வைத்தேன். மூன்று வேளை அப்படியே போயிற்று. பிறகு தீட்டு என்றும் பார்க்காமல் பாயை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் நானே உலை வைத்தேன். பயற்றையும் அதிலேயே போட்டேன். மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சோறு வெந்து இறக்கியதும், "இனி இந்த அடுப்புல என் கை படாது" என்றார்.

சொன்னபடியே செய்கிறார். பின்கட்டில் ஒரு கரியடுப்பை வைத்துத் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார். இது தபசுகாலம். மாமிசம் இல்லை, முட்டை இல்லை. ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் வெள்ளைச் சோறும் உப்பும் மிளகுத் தண்ணீரும். நான் கீரை கடைந்து வைத்தால் பூனைக்குப் போடுகிறார். தன் மகனை மட்டும் கூப்பிட்டுத் தன் சோற்றில் பங்கு போடுகிறார். இவரும் அம்மா மனம் நோகக் கூடாது என்று அங்கேயே தரையில் உட்கார்ந்து தின்கிறார். பிறகு என்னிடம் வந்து பசிக்கவில்லை என்கிறார்.

போன வாரம் மாமி சிலுவைப்பாதைக்குப் போய் வந்தபோது பார்த்தேன். கணுக்கால் வீங்கியிருக்கிறது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். அதே பெரிபெரிதான் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வயசு, பட்டினி, மண்டிபோட்டு மண்டிபோட்டு வீங்கியிருக்கும். பாஸ்கா வந்து நோன்பு முடியட்டும், சரியாயிடும்" என்றார். ரொஸ்னா பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். அவளை மாமியிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாமி கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து, "மொதல்ல என் மருமவள மாத்தினீங்க, இப்ப என்னையும் மாத்த வந்தீங்களா?" என்று கேட்டார்.

ரொஸ்னா வெளியே நின்று நல்ல வார்த்தையாகச் சொன்னாள்: "பாட்டி, உங்க பேரன் வளந்து நடக்கிறத நீங்க பார்க்க வேணாமா?" அவள் போகும்போது என்னிடம், "எப்படியாவது சாப்பிட வைங்கக்கா. நெஞ்சுக்கு ஏறிட்டா கஷ்டம்லா" என்று சொல்லிப் போனாள்.

எப்படிச் சாப்பிட வைப்பது, அக்கா? பிள்ளையைக் கொண்டுபோய் மடியில் போட்டுப் பார்த்தேன். வாங்கிக் கொஞ்சுகிறார். நான் கிண்ணத்தை எடுத்தால் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். தெரிந்தவர்கள் யாராவது வழி சொன்னால் எழுதுங்கள். பாஸ்காவுக்கு முன் ஏதாவது செய்ய வேண்டும்.

உங்கள் தங்கை,
அன்னமேரி


சேசு மரி சூசை

பினாங்கு,
1935 ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

மாமி இறந்த செய்திக்கு நீங்களும் அத்தானும் எழுதிய ஆறுதல் கடிதம் வந்தது. உடனே பதில் எழுத முடியவில்லை. என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.

பாஸ்கா முடிந்து மூன்றாம் நாள் மாமி பின்கட்டில் விழுந்துவிட்டார். கரியடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டார்கள். இதயம் பெரிதாகிவிட்டது, இனி வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ஒன்றுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். மாமியும் வீட்டுக்கே போக வேண்டும் என்றார். படுக்க முடியாமல் தலையணைகளில் சாய்ந்தே இருந்தார். குரல் கம்மிக் காற்றாகத்தான் வந்தது.

அப்போதுதான் என் கையால் வாங்கினார், அக்கா. தவிட்டுக் கஞ்சி, பயற்றுத் தண்ணீர், எது கொடுத்தாலும் வாயைத் திறந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கவில்லை. அந்த வாய் திறப்பதைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒருநாள் மத்தேயு தொட்டிலில் கிடந்து வீறிட்டான். தூக்கப் போனேன். மாமி என் சேலையைப் பிடித்து இழுத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன். "அழட்டும். தூக்காத. கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். மறுநாள் காலையில் ஆவி போயிற்று.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டோம். அவர் ஒரு மூட்டை வெள்ளை அரிசி வாங்கி வந்து இறக்கினார். அம்மாவுக்குப் பிடித்தது இதுதான் என்றார். நான் வடித்துப் போட்டேன். எல்லோரும் போனபிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "உனக்கும் பிள்ளைக்கும்னா தீட்டுன்னும் பார்க்காம எந்திரிச்சுப் போய்ப் பொங்கினே. அம்மாவுக்குன்னா மட்டும் சாப்பிடுங்கன்னு கேட்டுக் கேட்டு நின்னுட்டியே, ஏன்?"

அவருடைய அம்மா. அவர் அந்தச் சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றவர். அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் அதை நினைத்துத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் சாப்பிடுவதில்லை. காலையில் ஒரு கோப்பி. பகலிலும் இரவிலும் கம்பெனிக்குப் பக்கத்துக் கடையில் வெள்ளைச் சோறும் குழம்பும். சம்பளத்தைக் கொண்டுவந்து வைக்கிறார், பிள்ளைக்கு வேண்டியதை வாங்கிப் போடுகிறார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறார். ஒரு கடுஞ்சொல் இல்லை. என்னோடு பேச்சும் இல்லை. நான் எடுத்து வைக்கும் தட்டு ராத்திரி முழுவதும் மூடியபடி இருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வேலை முடிந்து வந்தவர் வாசற்படி ஏறி நேராக உள்ளே போனார். அவருடைய வலது கால் செருப்பு தெருவில், ஐம்பதடிக்கு அப்பால் கிடந்தது. கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடந்து வந்திருக்கிறார். பாதத்தில் ரத்தம். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. நான் செருப்பை எடுத்து வந்து படியில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். காலைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, அக்கா? அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தின்கிறார்.

ரொஸ்னாவிடம் ஓடினேன். இப்போதே சாப்பாட்டை மாற்றினால் முழுதும் தேறிவிடும் என்று டாக்டரம்மாள் அடித்துச் சொல்கிறார். ஆனால் அவர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார். நான் சொன்னால் கேட்க மாட்டார். நான் அழுதால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அவருக்கு உங்கள் மேல் மரியாதை அதிகம். பெண் பார்க்க வந்தபோது நீங்கள் பரிமாறினதை இன்றைக்கும் சொல்வார். நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். என் பெயரே அதில் வர வேண்டாம். என்னைத் திட்டி எழுதினாலும் சரிதான். மத்தேயுவுக்காகச் சாப்பிடச் சொல்லுங்கள். அம்மா இறந்ததற்கு இது பரிகாரம் இல்லை என்று யாராவது பெரியவர்கள் அவருக்குச் சொல்ல வேண்டும். என் கையால் பொங்கினது வேண்டாம் என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறேன். மாடி வீட்டுச் செட்டியாரின் ஆச்சியிடம் புழுங்கல் அரிசியும் பயறும் கொடுத்துவிடுகிறேன், அவர்கள் வீட்டு அடுப்பில் பொங்கி அவர்கள் கையாலேயே கொடுக்கட்டும். யார் வாங்கிக் கொடுத்த அரிசி என்று அவருக்குத் தெரியவே வேண்டாம். அவர் சாப்பிட்டால் போதும். என்னோடு பேசாமலே இருந்தாலும் போதும், உயிரோடு இருக்கட்டும்.

சர்வேசுரன் உங்கள் வீட்டு அடுப்பைக் காப்பாற்றட்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் எழுதுங்கள், அக்கா. அடுத்த கப்பலுக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்,
அன்னமேரி