ஆலமரத்து உரப்பை

முசலி,
2012 ஆவணி.

அன்புள்ள மருமகன் மில்ரனுக்கு, மாமா சிங்கராசா எழுதுவது. கட்டார் வெயிலில் நீ சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முதலே சொன்னேன். அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் உன் நாய் சூட்டியைச் சாறத்துக்குள் ஒளித்து நீ கொண்டுவந்தாயே, அன்றே சொன்னேன், இது ஒருநாள் எங்களை டொக்டர் வாசலில் நிறுத்தும் என்று. வழியில் ஆமிக்காரன் உன் மடியைக் காட்டி என்னவென்று கேட்க, கருவாடு என்று சிங்களத்தில் சொல்லிச் சமாளித்ததும் நான்தான். பக்கத்து வீட்டுப் பக்கீர் நானா மட்டும், "சிங்கராசா, நீ முதலே சொன்னதெல்லாம் எங்களுக்கு எப்பவும் பிறகுதானே கேக்குது" என்று பகிடி பண்ணுகிறார். அவருடைய மகன் வெள்ளிக்கிழமை கட்டாருக்கு வருகிறான். அவன் கையில்தான் இந்தக் கடிதம் வருகிறது. போன் எடுத்தால் என் கதையைப் பாதியில் வெட்டிவிடுவாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது.

போனமுறை கேட்டாய், உன் மனுசி அஞ்சலாவின் குரல் ஏன் அடைத்திருக்கிறது, வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று. சுகமில்லாதது எனக்கு. அஞ்சலாவும் வயிற்றுப் பிள்ளையும் நல்ல சுகம். என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் களைத்துப்போனாள்.

நடந்தது இதுதான். சூட்டி வயிற்றோடு நின்றது உனக்குத் தெரியும். ஈனுகிற நாளுக்குக் கொஞ்சம் முன்னால் குசினிக்குப் பின்னால் குட்டிகளைப் போட்டுவிட்டது. ஒன்றிலும் உயிரில்லை. ஆனால் தாய்க்கு ஒரு நோய் வருத்தமும் தெரியவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு சோறு தின்றது. குட்டிகளைக் காகம் கொத்தக்கூடாது என்று நான் வெறுங்கையால் அள்ளி, கொடியோடும் இரத்தத்தோடும் ஓர் உரப்பைக்குள் போட்டுக் கிணற்றடி ஆலமரத்தில் கட்டினேன். அஞ்சலாவின் தாய் வீட்டில் பசு கன்று போட்டால் இளங்கொடியைப் பால் மரத்தில் கட்டுவார்களே, அந்த முறைதான். அடுத்த ஈற்றுக் குட்டிகளாவது தங்கட்டும் என்ற எண்ணம். நாங்கள் வலை இழுக்கிற ஆட்கள் என்றாலும் மாட்டு வைத்தியமும் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் பிடித்தது. பின்னேரம் ஏறும், விடியப் போய்விடும், போய்விட்டது என்று நினைக்க மறுபடி வரும். வேர்வை என்றால் தலையணை உறையைப் பிழியலாம். முழங்காலும் இடுப்பு நாரியும் கழன்று விழுகிறமாதிரி உளைவு. மலேரியாவாக இருக்கும் என்று இரத்தம் பார்த்தார்கள், இல்லை.

அந்த நேரம்தான் மாடுகளுக்கு ஊசி போட மாட்டு டொக்டர் பிரேமினி ஊருக்கு வந்தா. நான் சூட்டியின் கதையைச் சொன்னேன். டொக்டரின் முகம் மாறிவிட்டது. "செத்த குட்டியளை ஆர் தொட்டது?" என்பதுதான் அவ கேட்ட முதல் கேள்வி. சூட்டியின் இரத்தத்தை எடுத்துக் கண்டிக்கு அனுப்பினா. வருத்தத்தின் பெயர் புறூசெல்லா என்று முடிவு வந்தது. புறூசெல்ஸிலிருந்து வந்த வருத்தமென்றால் பெல்ஜியத்திலிருக்கிற உன் சித்தப்பாவைத்தான் பிடிக்கவேண்டும் என்றேன். "ஐயா, அது ஊரின்ர பேரில்லை, கிருமியின்ர பேர்" என்றா. நான் விளையாட்டுக்குத்தான் கேட்டேன் என்று சொல்லிவைத்தேன்.

டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாடு, ஆட்டுக்கு வருகிறமாதிரி நாய்க்கென்று இதில் ஒரு வகை இருக்கிறது. நாய்க்கு நாய் சேரும்போது பரவும். பெட்டைக்கு வயிற்றுக் குட்டி தங்காது, கடுவனுக்கு விதை வீங்கும். வெளிப்பார்வைக்கு நாய் நல்லாய் நிற்கும். கிருமி அதிகம் இருப்பது செத்த குட்டி, கொடி, ஈன்ற நீர் இவற்றில்தான். வெறுங்கையால் அள்ளினால் மனிதருக்கும் தொற்றலாம். பிள்ளைத்தாய்ச்சிகள் கிட்டவும் போகக்கூடாது. எல்லோருக்கும் வராது, வந்தாலும் மருந்திருக்கிறது. காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், நாய் குட்டி போட்ட கதையையும் டொக்டரிடம் சொல்லவேண்டும்.

பிறகு அந்த உரப்பையைக் கையுறை போட்டு இறக்கி, ஆழக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு கொட்டித் தாட்டேன். குசினிப் பின்பக்கமெல்லாம் குளோரின் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் வார்ட்டில் மறித்து வைத்துவிட்டார்கள். கவனிப்பு நல்லது. பக்கத்துக் கட்டில் றோசம்மா தன் வீட்டுக் கஞ்சியில் பாதி தந்தா. வழக்கமாகக் கொடுக்கும் குளிசை எனக்குச் சரிவராதாம், வேறு தந்திருக்கிறார்கள். என் உடம்பு தனி ரகம் என்று உனக்குத் தெரியும்தானே. இப்போது வீட்டில் இருந்துதான் குளிசை. வாரக்கணக்கில், ஒருநாளும் விடாமல் போடவேண்டும்.

சூட்டியின் கதைதான் முடியவில்லை. மருந்து கொடுத்தாலும் நாயின் உடம்பில் கிருமி ஒளிந்து நிற்குமாம், பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் வைத்திருப்பது சரியில்லை, ஊசி போட்டு ஒரேயடியாக நித்திரையாக்குவதுதான் நல்லது என்கிறா டொக்டர். இப்போது கரையிலுள்ள பழைய மீன் வாடிக் குடிசையில் கட்டியிருக்கிறேன். சோறு வைப்பது நான் மட்டும். அஞ்சலா, "அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது மாமா, அவர் விட்டிட்டுப் போனது என்னையும் சூட்டியையும்தானே" என்று மறித்துக்கொண்டு நிற்கிறாள். நீ சொன்னால் மட்டும்தான் அவள் விடுவாள்.

தம்பி, நீ கெட்டிக்காரன். ஆம்பிளை வார்ட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் றோசம்மா எப்படி வந்தா என்று இதற்குள் யோசித்திருப்பாய். நான் சூட்டியின் குட்டிகளைத் தொடவேயில்லை. அன்று நான் கடலில். அள்ளிக் கட்டியது அஞ்சலா. தன் தாய் வீட்டு முறையை உன் நாய்க்குச் செய்தாள். குளிசை மாற்றித் தந்ததும் வயிற்றுப் பிள்ளைக்காக. பிள்ளையின் இதயம் நன்றாக அடிக்கிறது என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார். ஆனால் குளிசை முடிந்து திரும்ப இரத்தம் பார்க்கும்வரை ஒன்றும் உறுதியாகச் சொல்லமாட்டாராம். உனக்குச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். வீட்டிலுள்ள ஒரே போன் அவள் தலைமாட்டில்தான் கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏன் தொட்டாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. சூட்டியைக் கொண்டுபோகட்டும் என்று உன் வாயால் சொல்லு. உனக்குப் பெரிது அவளும் பிள்ளையும்தான் என்பது அவளுக்குக் கேட்கும்படி சொல்லு.

மடு மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். இந்தக் கடிதத்தில் காய்ச்சல் மட்டும் என்னுடையது இல்லை மகனே. அதை எனக்குத் தா என்று மாதாவிடம் கேட்டேன். அது பொய்யில்லை.

உன் மாமா,
சிங்கராசா