அரை அங்குலம் பிடித்துத் தைத்த சட்டை

அன்புள்ள வாயாடிக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி ஒன்றேகால். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். உடம்பு சூடு இல்லை. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "நீ தொட்டுத் தொட்டே சூடேத்திடுவ போல" என்று சொல்லிவிட்டு அவள் அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நம் வானொலிக்கு அடுத்த மாதம் பத்து வயது. "ஆரம்பத்துலேர்ந்து இருக்கறவ நீ ஒருத்திதான், வரலாற்ற நீயே எழுதிடும்மா" என்று முதலாளி நான்கு பக்கம் கேட்டிருக்கிறார். பல் டாக்டர் வீட்டு மாடியில் இரண்டு அறை. கீழே பல் ராவுகிற சத்தம் மைக்கில் ஏறாமல் இருக்க, உன் அப்பா தன் தையல் கடையில் கோட்டுத் துணி மிச்சங்களை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்த கறுப்புத் திரை. கல்லூரி முடித்த கையோடு வந்து சேர்ந்த நாம் இரண்டு பேர். எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிவிட்டேன்.

முதல் நாள் மைக் முன்னால் நாற்பது நொடி நான் வாயடைத்து உட்கார்ந்திருந்ததைக்கூட எழுதினேன். நீ எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தானே! அடுத்த வாரமே, பத்து நொடி சத்தம் வராவிட்டால் தானாக ஓடும்படி ஒரு மணி நேரப் பதிவை முதலாளி மெஷினில் போட்டுவைத்தார். "இவ வாயடைச்சா நான் பேசிக்கிறேன் சார்" என்று அதில் பேசிக்கொடுத்தவள் நீ. 'அதன் பிறகு அது ஒருநாளும் ஓடியதில்லை' என்று எழுதினேன். அங்கே பேனா நின்றுவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அது ஓடியது.

அன்று குழந்தையைப் பார்த்துக்கொள்கிற அக்கா வரவில்லை. காய்ச்சலோடு அவளைத் தூக்கிக்கொண்டு போய் நிலையத்து வெளி அறையில் யாருக்கும் தெரியாமல் படுக்கவைத்திருந்தேன். இரண்டு மணி வாக்கில் மதியப் பாட்டு ஓடும்போது வாந்தி எடுத்தாள். கழுவிவிட்டு, துணி மாற்றுவதற்குள் பாட்டு முடிந்தது எனக்குத் தெரியவில்லை. உன் குரல் கேட்டுத்தான் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, மணி ரெண்டாச்சு, கடையச் சாத்திட்டு சாப்பிடப் போங்க. இதோ நானும் வந்துட்டேன்." பதிவின் ஆரம்பத்திலேயே அப்படி ஒரு வம்பு பண்ணிவைத்திருக்கிறாய், உனக்கு நினைவிருக்கிறதா?

கால் மணி நேரத்தில் உன் அப்பா மாடியேறி வந்துவிட்டார். கழுத்தில் அளவு நாடா. காலில் செருப்பு இல்லை. "எங்கம்மா அவ? உள்ள இருக்காளா?"

மெஷின் பேசியது என்றால் நான் இடத்தில் இல்லை என்று அர்த்தம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை வந்தால் வேலை கிடையாது என்று முதலாளி ஏற்கனவே சொல்லியிருந்தார். சாயங்காலமானால் அவர் உட்காருவதோ உன் அப்பா கடை பெஞ்சில். பயத்தில் வாயில் வந்துவிட்டது: "இப்பதான் கிளம்பினாப்பா. அவசர வேலையாம்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவங்கம்மா போயி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள வெளியூர் வேலையான்னு எனக்குக் கோவம். போறதுன்னா ஒரேயடியா போன்னு நான்தானே சொன்னேன். பரவாயில்ல. அஞ்சு வருஷம் கழிச்சாவது ஊருக்குள்ள கால் வச்சாளே." கழுத்து நாடாவை உருவிச் சுருட்டிக்கொண்டே, "இளைச்சுட்டாளா?" என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்.

நேற்று ஒரு பொட்டலத்தோடு வந்தார். உனக்கு இரண்டு சட்டை. "கொஞ்சம்னா எவ்வளவுன்னு நீ சொல்லல. பழைய அளவுலேர்ந்து நானா அரை அங்குலம் பிடிச்சிருக்கேன். நான் குடுத்தேன்னு சொல்லாத, போட மாட்டா."

முதலாளியிடம் சொல்லிவிடலாம், வேலை போனால் போகட்டும் என்கிற துணிச்சல் இப்போது வந்துவிட்டது. உன் அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? என் பொய்யை எடுத்துவிட்டால் நீ வரவே இல்லை என்றல்லவா ஆகிவிடும்? ஆனாலும் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லத்தான் போகிறேன். அதற்குள் அவருக்கு உன் குரல் ஒரு தடவை கேட்டால் நன்றாக இருக்கும். இந்தத் தடவை மெஷினிலிருந்து இல்லாமல்.

சட்டைகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நானும் உன்னைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. நீ இளைத்தாயா, பெருத்தாயா, எனக்கென்ன தெரியும்? போட்டுப் பார். என்னைத் திட்டுவதென்றால் பக்கம் பக்கமாகத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

உன்,
ஊமைக்கோட்டான்