மை இல்லாத விரல்

அன்பின் நானாவுக்கு ஸலாம்.

உம்மா மவுத்தாகி நாப்பதாம் நாள் கத்தத்துல நீங்க சொன்னீங்க: "தொண்ணூறுல புலிகள் மன்னாரை விட்டு விரட்டினாலும், சண்டை முடிஞ்ச பிறகு உம்மா ஒரு தேர்தலையும் விடல்ல. புத்தளத்துல பஸ் ஏறி ஊருக்குப் போய்த்தான் வாக்குப் போட்டா." சொல்லிட்டு அழுதீங்க. எனக்கு அழுகை வரல்ல.

திரும்பி வந்தா அவக்குக் கை கால் கழுவத் தண்ணி ஊத்தினது நான். ஒருநாளும் விரல்ல மை இருந்ததில்ல. கேட்டா, "கழுவிட்டன் மகள்" எண்டுவா. அந்த மை கழுவினாப் போகுமா?

இந்தத் தேர்தலுக்கு அதே பஸ்ல நான் போனன். ஊர்ப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற பழைய மோதினார் என்னைக் கண்டதும் சொன்னார்: "உங்கட உம்மா வந்தா, பஸ் திரும்பும் வரைக்கும் அடக்கம் செய்ற மையவாடி மதிலுக்கு வெளியதான் நிப்பா. பொம்பிளைகள் உள்ள போறல்லயே."

உள்ள ஒரு சின்னக் கபுறு. ஊரை விட்ட அண்டு விடியப் பிறந்து மவுத்தான பொம்பிளப் பிள்ளையாம். உம்மா எழும்ப ஏலாமக் கிடந்தாவாம். வாப்பா கற்பிட்டிக்கு வள்ளம் பிடிக்கப் போயிருந்தாராம். பிள்ளையைச் சீலையில சுத்தித் தூக்கிட்டு வந்த சின்னப் பொடியன் ஆரெண்டும் மோதினார் சொன்னார்.

நானா, கத்தத்துல நீங்க அழுதது ஆருக்கு?

இப்படிக்கு,
உங்கட ஒரே தங்கச்சி எண்டு இவ்வளவு காலமும் நம்பியிருந்தவள்.