கனியின் மனு

செவ்வாய், திண்டிவனம்.

அக்கா மகள் கனியின் வயிற்றில் ஏழு மாதக் குழந்தைக்கு மூளை வளரவில்லை. கலைப்பதற்கான கெடு தாண்டிவிட்டதால் ஐகோர்ட் உத்தரவு வேண்டுமாம். இன்று விழுப்புரம் வக்கீலிடம் கூட்டிப்போனேன். நான் சட்டம் பேசிய பேச்சில் அவரே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கொஞ்சம் சும்மா இருங்க மாமா. மனு என் பேர்ல. நானே சொல்றேன்" என்றாள் கனி. எல்லாவற்றையும் அவளே சொன்னாள்; குழந்தை உதைப்பதைக்கூட வக்கீலிடம் மறைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாள், "ஜட்ஜு ஒத்துக்குவாரா மாமா?"

"அவரு எங்கிட்ட சிலம்பம் கத்துக்கினவரு. நாளைக்கே கையெழுத்து போட்டுடுவாரு."

"புளுகாதீங்க" என்று சிரித்தாள். ஸ்கேனில் விஷயம் தெரிந்த இந்தப் பத்து நாளில் இதுதான் முதல் சிரிப்பு. அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

உத்தரவு வரும்வரை தினம் ஒன்றாவது புளுகியாக வேண்டும்.