நான் சாகடித்த அண்ணன்

செப்டம்பர் 9, திங்கள்

புது வகுப்பு. ஏழு பேர். காலையில் இத்தாலிய இலக்கணம், மாலையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது. ஓர்னெல்லாவின் பள்ளியில் பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. இந்தத் தடவை நார்வேயிலிருந்து இங்குன் என்று ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வந்திருக்கிறார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார், நான் தும்மினால்கூட. துறைமுகத்தில் மீனவர்கள் ஆக்டோபஸைப் பாறையில் அறைவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து அதையே பச்சையாகத் தின்றார்.

எங்கள் மோனோபொலியில் இன்னும் வெயில் குறையவில்லை.

செப்டம்பர் 12

வழக்கமாக நடந்துவந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தை இன்று எடுத்தேன். எந்த வகுப்புக்கும் அது எளிதில் ஏறாது. ஒரு கதை சொன்னால் ஏறும் என்று தோன்றியது.

"ஒரு பெண் இருந்தாள். தினமும் நாலு மணிக்கு ஜன்னலுக்கு வருவாள். கடலைப் பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன் கப்பலேறிப் போனவனுக்காகக் காத்திருப்பாள். அவன் கப்பல் மூழ்கிவிட்டது. அவள் மட்டும் நம்பவில்லை."

"நிஜமா?" என்று இங்குன் கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். "நிஜம்தான். அந்த வீடு பக்கத்தில்தான் இருக்கிறது" என்றேன். ஏன் சொன்னேன்? அந்த ஏழு ஜோடிக் கண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. வேறு காரணம் தெரியவில்லை.

மாலையில் அந்தத் தெரு வழியாகக் கூட்டிப்போனேன். மணி நாலு. அந்த வீட்டு டமியானா ஜன்னலில் நின்றார். நாலு மணிக்கு அவர் நிற்பார் என்று எனக்குத் தெரியாதா என்ன?

இங்குன் படம் எடுத்தார். நான் தடுக்கவில்லை.

செப்டம்பர் 13

"உங்கள் கதையால்தான் அந்த இறந்தகாலம் புரிந்தது" என்றார் இங்குன். பெருமையாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன் — பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் ஃபொக்காச்சா வாங்க ரொட்டிக்கடைக்குப் போனேன். கடைக்கார நுன்ஸியா தராசைவிட்டுக் கையை எடுக்காமலே கேட்டாள்:

"ஏன் வாத்தியாரே, உங்கண்ணன் எப்ப செத்தாரு?"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்ன பேச்சு இது?"

"நான் பேசலப்பா. டமியானா வாசல்ல பூ இருந்துச்சாம். அட்டையில, 'கடல் கொண்டுபோன உங்கள் காதலருக்கு'ன்னு தப்புத் தப்பா எழுதியிருந்துச்சாம். அத எடுத்துட்டு இங்கதான் வந்தாங்க. 'யாரு செத்தது நுன்ஸியா?'ன்னு என்னையக் கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

ஃபொக்காச்சாவை வாங்காமலே வந்துவிட்டேன். பூ வைத்தது இங்குன்தான், வேறு யார்?

எழுதிவிட வேண்டியதுதான். இந்த நோட்டில்கூட எழுதாமல் எத்தனை நாள் நழுவுவது? டமியானாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை மூழ்கவில்லை. சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தான். கோயிலில் இரண்டு தடவை கல்யாண ஓலை வாசித்த பிறகு லிவோர்னோ துறைமுகத்தில் இறங்கி வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். பெயர் சவேரியோ. என் அண்ணன். இன்றைக்கும் அங்கே பேரப்பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறான்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அது நடந்தபின் எங்கள் வீட்டில் ஒருவரும் அவர் வாசலை மிதிக்கவில்லை. அம்மா அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவாள். நாற்பத்திரண்டு வருடமாக ஊரே இதைப் பேசாமல் வைத்திருந்தது, அவருக்காக. நான்தான் பேசினேன். அதிலும் என் வீட்டுக் குற்றத்தைக் கழுவித் துடைத்து, ஓடிப்போனவனைக் கடலில் மூழ்கிய காதலனாக்கி.

செப்டம்பர் 18

இங்குன் கதையோடு போட்ட அந்தப் படம் ஓர்னெல்லாவுக்கு எட்டிவிட்டது. இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்களாம். "மாலை நடையில இதையும் சேத்துடலாம் டொனாட்டோ, 'காத்திருக்கும் பெண்ணின் ஜன்னல்'னு" என்றாள். அவள் பாரி நகரத்திலிருந்து இங்கே வந்தவள். பழைய கதை தெரியாது.

"யோசிக்கலாம்" என்றேன். யோசிக்கலாமாம்!

செப்டம்பர் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு வகுப்புக் கதவு திறந்தது. டமியானா. கறுப்புப் பாவாடை, கையில் வாடிய பூங்கொத்து. இங்குன் பரபரப்பாக எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். டமியானா உட்காரவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் மெதுவாகத்தான் கேட்டார்:

"டொனாட்டோ, இந்தப் பூ யாருக்கு? உங்கண்ணன் செத்துட்டானா? செத்திருந்தா சொல்லு, கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போறேன். சாகலன்னா, இதெல்லாம் என் வாசல்ல வைக்க வேணாம்னு இவங்ககிட்டச் சொல்லு."

எழுவருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சிரித்த முகமாக என்னைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்றார் இங்குன்.

நான் இத்தாலியனில், தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "பூவுக்கு நன்றி சொல்கிறார்."

கைதட்டினார்கள்.

டமியானாவுக்கு இத்தாலியன் தெரியாதா? என்னைவிட நன்றாகவே தெரியும். கைதட்டல் ஓயும் வரை என்னையே பார்த்தார். பூங்கொத்தை என் வருகைப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

மீதிப் பாடத்தையும் நடத்தினேன். நடத்தினேனே!

செப்டம்பர் 21

லிவோர்னோவுக்குப் போன் செய்தேன். கிறிஸ்துமஸ் அல்லாத நாளில் நான் கூப்பிட்டதும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அண்ணன் பயந்துவிட்டான். டமியானா பெயரைச் சொன்னேன்.

"எந்த டமியானா?"

விளையாடுகிறானா, நிஜமாகவே நினைவில்லையா? தெரியவில்லை. "அட, அதெல்லாம் எந்தக் காலம்டா" என்று பேரனின் கால்பந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் மேல் கோபப்படலாம் என்றுதான் போனை எடுத்தேன். கோபம் வரவில்லை. அவன் அவரை மறந்துவிட்டான், அவ்வளவுதான். நான் மறக்கவில்லை, அதனால்தான் என்னால் அவர் கதையை விற்க முடிந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

வகுப்பில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கப்பல் மூழ்கவில்லை, ஓடிப்போனவன் என் அண்ணன், அன்று அவர் நன்றி சொல்லவும் இல்லை.

இங்குன் பேனாவை மூடி வைத்தார். "நான் கைதட்டினேனே" என்றார். மதியம் படத்தை நீக்கிவிட்டதாகச் சொன்னார். அதற்குள் யார் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஓர்னெல்லா நடைத் திட்டத்தைக் கிழித்துப் போட்டாள். "முதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?" என்றாள்.

மனம் லேசாகிவிட்டது என்று நினைத்தேன். நாளை அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 24

போனேன். வாசலில் 'அண்ணி' என்று கூப்பிடத்தான் நினைத்தேன். "டமியானாக்கா" என்றேன்.

கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை. நான் படிக்குக் கீழே, அவர் மேலே. மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன், ஏதோ பரிசு கொண்டுவந்தவன்போல.

"அதையும் சொல்லிட்டியா?"

"ஆமாக்கா."

"உங்கண்ணன் என்னை வேணாம்னு விட்டுட்டுப் போனத, அந்த ஏழு பேருக்கும்?"

தலையாட்டினேன்.

"பொய்யையும் நீயே சொல்ற, நெசத்தையும் நீயே சொல்ற. அது என் கதைடா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நாலு மணிக்கு நான் ஏன் ஜன்னல்ல நிக்கறேன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. ஐம்பத்து நாலு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

"என் தம்பி மவனும் நானும் பங்கு போட்டுப் படகு வச்சிருக்கோம். நாலு மணிக்கு வரும். வலையில மீன் கனமா இருந்தா பின்பக்கம் தாழ்ந்து வரும், மேலேந்து பாத்தாலே தெரிஞ்சிரும். நான் காத்திருக்கறது மீனுக்கு. உங்கண்ணனுக்காக நான் ரெண்டு மாசம் அழுதேன். அதோட சரி."

கதவை மூடப்போனவர் நிறுத்தினார்.

"அந்தப் பொம்பள பூ வச்சதுல தப்பில்ல. பாவம், நீ சொன்னத நம்பினா. நாப்பத்திரண்டு வருஷத்துல உங்க வீட்டு ஆளு ஒருத்தர் என் வாசல்ல வந்து நின்னதில்ல. எங்கயோ பொறந்தவ வந்து நின்னா."

கதவு மூடியது.

செப்டம்பர் 27

இங்குன் ஊருக்குக் கிளம்பினார். ஸ்டேஷனில் கை கொடுத்தார். இத்தாலியனில் பேசாமல் ஆங்கிலத்தில் விடைபெற்றார்.

அக்டோபர் 6

அம்மாவைப் போலவே நானும் இப்போது அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன். இன்று கவனித்தேன்.

அக்டோபர் 7

அந்தத் தெரு வழியாகவே போனேன். ஜன்னலில் டமியானா இருந்தார். "நல்ல பொழுது" என்றேன். பதில் இல்லை.

அக்டோபர் 19

பதில் இல்லை. நாளையும் சொல்வேன்.

நவம்பர் 5, செவ்வாய்

புது வகுப்பு, ஐந்து பேர். பிரேசிலிலிருந்து ஜுசாரா என்ற பெண், பஸ் ஓட்டுபவள், வாய் ஓயாதவள். போனை நீட்டினாள். அதே படம்தான். "இந்தக் காத்திருக்கும் அம்மா வீடு எங்கே?"

"அது நான் கட்டிவிட்ட பொய்" என்றேன். "அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை."

துறைமுகத்துக்குப் போகும்போது அவர் ஜன்னலில் இருந்தார். நான் தலை குனிந்து, வழக்கமான "நல்ல பொழுதை"ச் சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் ஜுசாரா அரைகுறை இத்தாலியனில் கத்தினாள்:

"அம்மா! அங்க என்ன பாக்கறீங்க?"

"படகு வருதான்னு பாக்கறேன். உனக்கென்ன?"

"எனக்குப் பேசணும்! இத்தாலியன்ல பேசிப் பழகணும்!"

டமியானா இன்னும் கொஞ்சம் சாய்ந்து அவளை எட்டிப் பார்த்தார். பிறகு, "வா, அப்ப. படி வழுக்கும், பாத்து ஏறு. மத்தவங்களையும் கூட்டிட்டு வா" என்றார்.

ஐந்து பேரும் ஏறிப் போனார்கள். நான் கீழே நின்றேன். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது, என்னவென்று புரியவில்லை. இடையிடையே சிரிப்பு. ஒரு மணி நேரம்.

ஜுசாரா இறங்கி வந்தபோது அவள் சட்டைப் பையில் இரண்டு எலுமிச்சம்பழம். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு வசவை அழகாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரே, நீங்க ஏன் மேல வரல?"

தாள் திருத்த வேண்டியிருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"என்னைக் கூப்பிடவில்லை" என்றேன்.

எளிய வாக்கியம். அவளுக்கு உடனே புரிந்தது.